புலி பக்கத்து ஊருக்குப் போய்விட்டது

1987 அக்டோபர் 15ஆம் தேதி இரவு தென் இங்கிலாந்தைப் புயல் தாக்கியது. வானிலைத் துறை அதைச் சரியாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் 18 பேர் செத்தார்கள். 1990 ஜனவரி 25ஆம் தேதி இன்னொரு புயல். இந்த முறை முன்னறிவிப்பு நன்றாகவே இருந்தது. செத்தவர்கள் 47 பேர்.

ஏன் இப்படி? 1990 புயல் பரப்பில் பெரியது, அதை ஒளிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கடிகாரம். 1987இல் காற்று உச்சத்துக்கு வந்தது விடிவதற்கு முன்பு. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன, பெரும்பாலான மரங்களுக்கு அடியில் ஆள் இல்லை. 1990இல் காற்று வந்தது பட்டப்பகலில். அன்று வியாழக்கிழமை. எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

இந்த இரண்டில் உலகம் எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். 1987ஐ. அதிலும் ஒரே ஓர் ஆளை. மைக்கேல் ஃபிஷ் என்ற பிபிசி வானிலை அறிவிப்பாளர், சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண் கேட்டதாகச் சொல்லி, கவலைப்படாதீர்கள், அப்படி எதுவும் இல்லை என்று சிரித்தபடி சொன்ன சில விநாடிகள். காற்று பலமாக இருக்கும் என்றும் அதே பேச்சில் சொன்னார், அதை யாரும் வெட்டிப் பகிர்வதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில்கூட அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார்கள். தேசிய நகைச்சுவை ஆகிவிட்டார் மனுஷன். 1990இல் அந்த 47 பேரை வெளியே வரவைத்தது எது என்ற கேள்விக்கு அப்படியொரு முகம் கிடையாது. வேலை நேரத்துக்கும் பள்ளி மணிக்கும் ரயில் அட்டவணைக்கும் எங்கே முகம்?

என் சண்டை இங்கேதான். அயர்லாந்துக்கோ பிரிட்டனுக்கோ குளிர்காலத்தில் ரெட் வார்னிங் வரும்போதெல்லாம், மறுநாள் நம் பசங்களின் வாட்சப் குழுக்களில் அதே கேலி. "ரெட்டுன்னான், எங்க தெருவுல குப்பைத்தொட்டிகூட விழல." இங்கிலீஷ் பத்திரிகைகளில் அதையே இன்னும் நாசூக்காக எழுதுவார்கள்: அரசாங்கம் நம்மைக் குழந்தை மாதிரி நடத்துகிறது, 'புலி வருது புலி வருது' என்று கத்திக் கத்தி உண்மையான புலி வரும்போது யாரும் நம்பமாட்டார்கள். படித்தவர்கள் சொல்வதால் இது அறிவு மாதிரித் தெரிகிறது. அறிவு இல்லை. யாருக்கு லாபமோ அவர்களுடைய வாதம் இது, நாம் ஓசியில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் அந்தக் குப்பைத்தொட்டி ஏன் விழவில்லை என்று பார்ப்போம்.

வங்காள விரிகுடாப் புயல் சூடான கடலிலிருந்து பலம் எடுக்கும். அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல் வேறு ஜாதி. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றும் மோதுகிற எல்லைதான் அதற்குத் தீனி. மேலே ஜெட் ஸ்ட்ரீம் வேகமாக ஓடினால் கீழே தாழ்வு மடமடவென்று ஆழமாகும். 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் இறங்கினால் வானிலைக்காரர்கள் 'வெடிகுண்டு' என்றே சொல்கிறார்கள். அந்தத் தாழ்வு முழுக்க ஒரே மாதிரி காற்று அடிக்காது. மிக மோசமான காற்று பெரும்பாலும் அதன் தெற்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய பட்டைக்குள் இருக்கும். சில புயல்களில் அதற்குள்ளேயே இன்னும் ஒடுங்கிய ஒன்று: மேலிருந்து கீழே பாய்ந்து, சில மணி நேரமே வாழும் ஒரு காற்றோட்டம். ஸ்டிங் ஜெட் என்று பெயர். செயற்கைக்கோள் படத்தில் மேகம் வளைந்து முடியும் வால், தேளின் கொடுக்கு மாதிரி இருக்கும். 1987 புயலை ஆராய்ந்தபோதுதான் இதைப் பிடித்தார்கள், பெயர் வைத்ததே 2004இல்.

ஆக, புயலின் பாதை ஐம்பது கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தால் உங்கள் தெருவில் மரம் விழாது, அடுத்த மாவட்டத்தில் கூரை பறக்கும். ஈசாப் கதை மாதிரி பொய் சொன்ன பையன் யாரும் இந்தக் கதையில் இல்லை. புலி வந்தது. பக்கத்து ஊருக்குப் போனது. பக்கத்து ஊர்க்காரன் செத்ததை உங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

நிறங்களையும் நாம் சரியாகப் படிப்பதில்லை. பிரிட்டனின் வானிலை அலுவலகம் 2011 முதல் எச்சரிக்கையின் நிறத்தை வெறும் காற்று வேகத்தை வைத்து முடிவு செய்வதில்லை. ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம், நடக்க எவ்வளவு வாய்ப்பு. இன்னொரு பக்கம், நடந்தால் எவ்வளவு பாதிப்பு. இரண்டும் உச்சத்தில் சேரும் மூலையில்தான் சிவப்பு. மஞ்சள் இரண்டு வகையில் வரும்: கட்டாயம் நடக்கும் சின்னத் தொல்லை, அல்லது நடக்க வாய்ப்பு குறைந்த பெரிய நாசம். இரண்டுக்கும் ஒரே மஞ்சள். இது குழப்பம்தான், விமர்சிக்கலாம், நானும் விமர்சிப்பேன். ஆனால் நாலு பேர் சேர்ந்து "மஞ்சள்னா ஒண்ணுமில்ல மச்சி" என்று சொல்வது விமர்சனம் ஆகாது.

இந்தக் கேலியின் வயது 160 வருஷத்துக்கு மேல். 1859 அக்டோபரில் மெல்பர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' கப்பல், ஊருக்கு மிக அருகே ஆங்கில்சி கரையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள், ஆஸ்திரேலியத் தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் பலர். வானிலைத் துறையின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை பீகிள் கப்பலில் கூட்டிப்போன அதே கேப்டன். இதைத் தடுத்திருக்கலாம் என்று அவர் நம்பினார். 1861இல் தந்தி மூலம் துறைமுகங்களுக்குச் செய்தி அனுப்பி, கம்பத்தில் கேன்வாஸ் கூம்பும் உருளையும் ஏற்றச் செய்தார். எழுத்துத் தெரியாத மீனவனும் அண்ணாந்து பார்த்தால் புரியும். அதே ஆண்டில் நாளிதழில் தினசரி முன்னறிவிப்பும் வரத் தொடங்கியது. 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை வானிலைக்கு வைத்ததே அவர்தான்.

பலிக்காத நாட்களில் பத்திரிகைகள் கிழித்தன. விஞ்ஞானிகள் இது விஞ்ஞானமே இல்லை என்றார்கள். மீன்பிடிப் படகுகளின் முதலாளிகளுக்கு வேறு கோபம்: கூம்பு ஏறினால் ஆட்கள் கடலுக்குப் போக மறுக்கிறார்கள், படகு சும்மா நிற்கிறது. 1865இல் ஃபிட்ஸ்ராய் தற்கொலை செய்துகொண்டார். கடன், உடல்நலம், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்தது அது, விமர்சனத்தை மட்டும் காரணமாக்குவது நியாயமில்லை. அவருக்குப் பிறகு அமைந்த குழு, புயல் எச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. 1866 முடிவில் கூம்புகள் இறங்கின. அடுத்த ஆண்டே திரும்ப ஏறின. காரணம், கடலோரங்களிலிருந்து வந்த எதிர்ப்பு. கடலுக்குப் போகிறவர்களுக்கு, சில சமயம் தப்பாகப் போகும் எச்சரிக்கைகூட எச்சரிக்கை இல்லாததைவிட மேல் என்று தெரிந்திருந்தது. கூம்பு பலிக்காத நாளில் போவது ஒரு நாள் மீன். பலித்த நாளில் ஏறாமல் இருந்தால் போவது ஆள். கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், இல்லையா?

முன்னறிவிப்பைத் திட்டுவதில் இன்னொரு வசதி உண்டு. முன்னறிவிப்புக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கிற ஓட்டைகளை யாரும் பார்க்கமாட்டார்கள். 1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வட கடலில் புயல், கூடவே பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் ஏற்றம். நெதர்லாந்தின் வானிலை நிறுவனம் அபாயகரமான நீர்மட்டம் வரும் என்று அன்று மாலையே சொல்லிவிட்டது. நள்ளிரவோடு வானொலி நிலையம் மூடிவிட்டது, ஏனென்றால் இரவில் ஒலிபரப்பு கிடையாது. அங்கே 1,836 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. தண்ணீர் லிங்கன்ஷயர் கரையை உடைத்தது மாலையில். அதே வெள்ளம் கரையோரமாகத் தெற்கே இறங்கி, தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கும் கேன்வி தீவுக்குப் போனது நள்ளிரவைத் தாண்டி. நடுவில் பல மணி நேரம். தொலைபேசி இருந்த காலம். ஒரு மாவட்டம் அடுத்த மாவட்டத்துக்குச் சொல்ல ஏற்பாடு என்று ஒன்று இல்லை. இங்கிலாந்தில் 307 பேர்.

2013 டிசம்பர் 5ஆம் தேதி அதே கரையில் பல இடங்களில் கடல் 1953 அளவுக்கோ அதற்கு மேலோ ஏறியது. இந்த முறை அணைகள் இருந்தன, தேம்ஸ் தடுப்பு இருந்தது, ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். பிரிட்டனில் இறந்தவர்கள் இரண்டு பேர், அதுவும் காற்றால். 'பெரிய வெள்ளம்னாங்க, ஒண்ணும் ஆகலையே' என்று அன்றும் யாராவது எழுதியிருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரான்ஸின் சிந்தியா புயலைப் பற்றி நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கும். 2010 பிப்ரவரி 27 இரவு. பிரான்ஸ் வானிலைத் துறை வாந்தே உட்பட நான்கு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. காற்றுக்கு. காற்றுக்கான அறிவுரை என்ன? வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், ஜன்னல் கதவுகளை அடையுங்கள். லா ஃபோத் சுர் மேர் என்ற கடலோர ஊரில் மக்கள் அதைத்தான் செய்தார்கள். அதிகாலையில் கடல் கரைத்தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தது. கடல்மட்டத்துக்கு ஒட்டிய பள்ளத்தில் கட்டிய ஒற்றைத் தள வீடுகள், ஓய்வுக்காலத்துக்கு என்று வாங்கியவை. மின்சாரம் போனதும் மின்விசை ஷட்டர்கள் திறக்கவில்லை. அந்த ஒரு ஊரில் மட்டும் 29 பேர், பெரும்பாலும் வயதானவர்கள். அறிவுரையை மீறியவர்கள் இல்லை இவர்கள், சொன்னபடி கேட்டவர்கள்.

அன்றைக்கு பிரான்ஸின் எச்சரிக்கை வரைபடத்தில் கடல்நீர் ஏற்றத்துக்கென்று தனி வகை கிடையாது. 2011இல்தான் சேர்த்தார்கள். ஆனால் அது பாதிக் கதை. அந்தப் பள்ளம் ஆபத்தானது என்று முன்பே தெரியும், எழுத்தில் இருந்தது. அங்கே மனை போட அனுமதி தந்தது நகராட்சி. 2014இல் அந்த ஊர் மேயர் ரெனே மராத்தியேவுக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 2016இல் மேல்முறையீட்டில் அது இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகச் சுருங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளை அரசே வாங்கி இடித்தது. புயலுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டால் டார்ச் லைட், பேட்டரி, குடிதண்ணீர் என்று ஒரு பட்டியல் தருவார்கள். தோட்டத்து டிராம்போலினைக் கட்டிவையுங்கள் என்பார்கள் (சிரிக்காதீர்கள், இங்கே ஒவ்வொரு புயலிலும் டிராம்போலின் பறக்கிறது). எல்லாம் சரி. ஆனால் சிந்தியாவுக்குத் தயாராகியிருக்க வேண்டிய நாள் பிப்ரவரி 27 இல்லை. மனைக்குக் கையெழுத்துப் போட்ட நாள்.

இனி அயர்லாந்து. 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அடித்த காற்றை 'பெருங்காற்றின் இரவு' என்று இன்றும் சொல்கிறார்கள். 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லாத கிழவர்கள், அந்தக் காற்று தங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியே வயதை நிரூபித்தார்கள். நினைவு எப்படியெல்லாம் காசாகிறது பாருங்கள். 2025 ஜனவரி 24இல் வந்த ஏயோவின் புயலுக்கும் அந்த மாதிரி ஒரு இடம் கிடைக்கும். முழுத் தீவுக்கும் சிவப்பு. மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது, 1945இல் பதிவான சாதனை உடைந்தது. 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. முன்னறிவிப்பு அச்சு அசலாகப் பலித்தது. பள்ளி, பேருந்து, ரயில், விமானம், கடை எல்லாம் மூடல். குடியரசில் அன்று புயலில் இறந்தவர் ஒருவர், கார் மேல் மரம் விழுந்து. அப்படியொரு காற்றில், வேலை நாளான ஒரு வெள்ளிக்கிழமையில், ஒருவர். 1990இன் 47ஐ இதோடு வைத்துப் பாருங்கள். புயலும் நாடும் வேறு, நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஊரையே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஊரே நின்றதா? இல்லை. கால்வே பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பேசினார். "நாளைக்கு ரோட்டுல யாரும் வரக்கூடாதாம் தம்பி. அதனால இன்னைக்கு ராத்திரியே வந்து படுத்துக்கோன்னுட்டாங்க." முதியவர்களை விட்டுவிட முடியாது, யாராவது இருக்கத்தான் வேண்டும், அதில் அவருக்கும் வருத்தம் இல்லை. "படுத்திருக்கிற நேரத்துக்குச் சம்பளம் உண்டாக்கா?" என்றேன். "டூட்டி நேரத்துக்கு மட்டும்தான். விசா அவங்க கையில இருக்கு, நான் எங்க போய் கேக்குறது?" டப்ளினில் படித்துக்கொண்டே சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவனுக்குச் செயலியை நிறுத்திவிட்டார்கள். நல்ல விஷயம். கூடவே வருமானமும் நின்றது. சிவப்பு நீங்கியதும், கிளைகள் இன்னும் தெருவில் கிடக்கும்போதே, செயலி திறந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் காசு. போனான். "ஒரு நாள் காசு போச்சுண்ணா, வாடகை யாரு குடுப்பா?"

இந்த இருவரிடமும் போய் 'பொய் எச்சரிக்கை'யைப் பற்றிப் பேசிப்பாருங்கள். அக்காவுக்கு எச்சரிக்கை பொய்த்தால் போவது ஒரு ராத்திரித் தூக்கம், தம்பிக்கு ஒரு நாள் கூலி. பலித்தாலும் அதுவேதான். எச்சரிக்கையின் செலவு எப்போதும் ஒரே ஆட்களின் தலையில் விழுகிறது. அதனால்தான் அவர்களே சில சமயம் "சும்மா பயமுறுத்துறான்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. வீட்டிலிருந்தபடி மடிக்கணினியில் வேலை பார்த்து முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மீம் போடுகிறவர்கள் சொல்வதுதான் புரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அயர்லாந்தில் மோசமான வானிலையால் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளம் கிடைக்கும் என்ற பொதுவான உரிமை கிடையாது. பிரிட்டனிலும் கிடையாது. பிரிட்டனில் 1996 வேலை உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. நல்ல பிரிவு. புயலில் சைக்கிள் மிதிக்கும் பையன் இதைச் சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போவான் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். 'முதலாளிகள் பெருந்தன்மையோடு நடந்துகொள்ள வேண்டும்' என்று ஒவ்வொரு புயலுக்கும் வேண்டுகோள் விடுப்பார்கள். காற்று வேகத்தைக் கணக்கிட உலகின் ஆகப் பெரிய கணினிகள் சிலவற்றை வைத்திருக்கும் நாடுகள், கூலி விஷயம் வந்ததும் பெருந்தன்மையை நம்பிக் கிளம்பிவிடுகின்றன.

மின்சாரமும் இப்படித்தான். ஏயோவினுக்குப் பிறகு மேற்கு அயர்லாந்தில் சில வீடுகளுக்கு இரண்டு வாரம் தாண்டியும் விளக்கு எரியவில்லை. அங்கே பல கிராமத்து வீடுகளில் தண்ணீர் சொந்தக் கிணற்றிலிருந்து மோட்டாரில்தான் வருகிறது. கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. மின்கம்பிகளுக்கு ஒட்டி வளர்க்கப்பட்ட தேவதாரு வகைத் தோட்ட மரங்கள் கம்பிகள் மேல் சாய்ந்தன. மரம் விழும் என்று கணிக்க ஸ்டிங் ஜெட் ஆராய்ச்சி தேவையா? கம்பிக்கு எவ்வளவு தூரத்தில் மரம் நடலாம் என்பது வானிலைக் கேள்வியே கிடையாது. நிலம் யாருடையது, வெட்டினால் நஷ்டஈடு யார் தருவது என்ற கேள்வி. அதனால்தான் புயல் வரும்வரை அது அப்படியே கிடந்தது.

என் கோரிக்கை ஒன்றும் பெரியதில்லை. சிவப்பு என்று அரசு அறிவித்தால் அந்த மணி நேரங்களுக்கு எல்லோருக்கும் கூலி. மணிக்கணக்குக்காரர், செயலிக்காரர், ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும். கட்டாயம் உள்ளே இருந்தாக வேண்டியவர்களுக்கு, படுத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து. ஆரஞ்சுக்கும் வேண்டும் என்பேன், சரி, சிவப்பிலிருந்து தொடங்குவோம். இதற்கு ஏது காசு என்று உடனே கேட்பார்கள். அயர்லாந்தில் இத்தகைய சிவப்பு நாட்கள் வருடத்துக்குக் கைவிரலில் எண்ணும் அளவுக்குக்கூட வருவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரை அடைத்தபோது, வேலை இழந்தவர்களுக்கு வாரம் 350 யூரோ வரை கொடுக்க இதே அரசு சில நாட்களில் ஏற்பாடு செய்தது. விண்ணப்பம், வங்கிக் கணக்கு, எல்லாம். வீட்டிலேயே இரு என்று சொல்லும்போது சோற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா அந்த இரவுக்கான சம்பளத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். நான்தான் எழுதிக்கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.